பழைய கல் பாலங்கள்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பாலிடெக்னிக் பையன்களுக்கு சிவில் பாடம் எடுத்தவன் நான். வகுப்பிலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, பாலம் என்று பேச்சு வந்தால் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. திருமணிமுத்தாற்றைத் தாண்டாமல் டவுனில் பாதி வேலை நடக்காது என்பதால், நம் ஊரில் எல்லோருக்கும் பாலத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலத்தை எடுத்துக்கொண்டேன். நகரத்து ஆற்றின் மேல் நிற்கிற பழைய பாலம், அளவுகளும் தெளிவாகக் கிடைக்கின்றன.

கல்லை வளைச்சு அடுக்கினா எப்படி சார் நிக்குது? நடுவுல இருக்கிற கல்லு ஏன் விழல?

விழத்தான் பார்க்கிறது. ஆனால் வளைவில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் மேலே அகலம், கீழே குறுகல் என்று ஆப்பு வடிவில் செதுக்கப்பட்டது. கீழே இறங்க வேண்டுமென்றால் இரண்டு பக்கத்துக் கல்லையும் தள்ளிக்கொண்டுதான் இறங்க முடியும். அந்தக் கற்கள் அடுத்ததைத் தள்ளும், அது அதற்கடுத்ததை. கடைசியில் தள்ளல் தூணுக்கும் கரைக்கும் போய்ச் சேரும். கல்லை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால்தான் பிட்டுக்கொள்ளும். வளைவில் இழுப்பே வராமல் பார்த்துக்கொண்டதுதான் பழைய ஆட்களின் கெட்டிக்காரத்தனம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மெல்லிய கழுத்துச் சங்கிலியை இரண்டு கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது எடுக்கிற வளைவைத் தலைகீழாகக் கவிழ்த்தால், அழுத்தம் மட்டுமே ஓடுகிற கோடு கிடைக்கும். ராபர்ட் ஹூக் 1675-லேயே சொன்ன விஷயம் இது. அந்தக் கோடு கல்லின் கனத்துக்குள்ளேயே ஓடும்வரை பாலம் நிற்கும், வெளியே போனால் கல் வாய் பிளக்கும். வளைவின் உச்சியில் நடுவில் நிற்கிற சாவிக்கல்லுக்குத் தனிச் சக்தி எதுவும் கிடையாது. கடைசியாக வைக்கிற கல் என்பதால் அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்ப அந்தக் கடைசிக் கல்லு வைக்கிற வரைக்கும் எது தாங்கும்?

சென்டரிங். இன்றைக்கு வீட்டுக்குத் தளம் போடும்போது கொத்தனார் அடிக்கிறாரே, அதே வேலைதான். பாலத்துக்கு ஆற்றுப் படுகையிலிருந்து மரச்சட்டம் எழுப்பி, அதன் முதுகை வளைவாகச் செதுக்கி, இரண்டு ஓரத்திலிருந்தும் சமமாகக் கல் அடுக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் போனால் சட்டமே சாய்ந்துவிடும்.

கழற்றுவதுதான் பெரிய வித்தை. சட்டத்துக்குக் கீழே ஜோடி ஜோடியாக மர ஆப்பு வைத்திருப்பார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தளர்த்தினால் சட்டம் ஒரு விரல்கடை இறங்கும், வளைவும் லேசாக இறங்கிக் கல்லோடு கல் இறுகும். ஒரே அடியில் உருவினால் எடை முழுக்கத் திடீரென்று பச்சைக் காரையில் விழும். வெள்ளக் காலம் வருவதற்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். வெள்ளம் வந்தால் முதலில் போவது மரச்சட்டம்தான்.

திருநெல்வேலிப் பாலம்னு சொல்றீங்களே, அது யாரு கட்டினது?

தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலி, அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. நடுவில் படகுதான். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அதிகாரியாக, இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. அப்போது கலெக்டர் தாம்சன், வடிவமைத்தவர் ஹார்ஸ்லி. செலவு சுமார் 50,000 ரூபாய். 1843 நவம்பரில் திறந்தார்கள்.

நீளம் சுமார் 760 அடி, அகலம் இருபத்தொன்றரை அடி, 60 அடிக் கண்கள் (தூணுக்கும் தூணுக்கும் நடுவே வளைவின் கீழ் இருக்கிற திறப்புகள்) 11. பெருக்கிப் பாருங்கள், 660 அடி. மீதி 100 அடி தூண்களுக்கும் கரைத் தாங்கல்களுக்கும் போய்விட்டது. அதாவது ஆற்றின் அகலத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைப் பாலமே அடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஆத்துல தண்ணி ஓடுறப்ப அஸ்திவாரம் எப்படிங்க தோண்டினாங்க?

பாறை மேலே தெரிகிற இடத்தில் கோடையில் தண்ணீரைத் திருப்பிவிட்டு, பாறையைக் கொத்தி நேராகக் கட்டிவிடுவார்கள். மணல் ஆறு என்றால் கிணறு இறக்குவது. நம் நாட்டில் பழகிய முறை இது. மணல்மேல் ஒரு வட்ட வளையம் வைத்து, அதன்மேல் கிணற்றுச் சுவர் மாதிரி செங்கல்லோ கல்லோ கட்டுவது. அப்புறம் உள்ளே இருக்கிற மணலை அள்ள அள்ள, சுவர் தன் எடையிலேயே கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே கட்டிக்கொண்டே போக வேண்டும்.

நேராக இறங்கினால் அதிர்ஷ்டம். ஒரு பக்கம் சாய்ந்தால், உயர்ந்து நிற்கிற பக்கம் மேலே பாரம் ஏற்றி, அதே பக்கம் உள்ளே மணலை அதிகம் அள்ளி நிமிர்த்துவார்கள். கெட்டி மண்ணோ பாறையோ தட்டியதும் அடியை அடைத்து, உள்ளே நிரப்பி, அதன்மேல் தூண் எழும்பும். இன்றைக்கும் பெரிய ஆறுகளில் இதே முறைதான், செங்கல்லுக்குப் பதில் கான்கிரீட்.

பாலம் நிக்கணும்னா நரபலி குடுப்பாங்கன்னு எங்க பாட்டி சொல்லும். நிஜமா?

இல்லை. பாலம் கட்டுகிற ஊர்களிலெல்லாம் இந்தக் கதை உண்டு, நம் ஊரில் மட்டும் அல்ல. மேலே சொன்ன கிணறு இறக்குகிற வேலையை யோசித்துப் பாருங்கள்: ஆற்றுக்கு நடுவே, மூச்சுப் பிடித்து முங்கி மண் அள்ளுகிற வேலை. ஆபத்தான வேலை நடக்கிற இடத்தில் இப்படிக் கதை முளைப்பதில் ஆச்சரியம் இல்லை.

சிமெண்டே இல்லாத காலத்துல எதை வெச்சு ஒட்டினாங்க?

சுண்ணாம்பு. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். இந்தியாவில் சிமெண்ட் செய்து பார்த்தது 1904-ல், சென்னையில். சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணலோ செங்கல் பொடியோ சேர்த்து, செக்கில் அரைத்து எடுப்பார்கள். செங்கல் பொடி சேர்த்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது கொத்தனார் வழக்கம்.

இன்னொரு விஷயம். காரை கல்லை 'ஒட்டுவது' முக்கியமே இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மெத்தையாக இருந்து அழுத்தத்தைச் சமமாகப் பரப்புவதுதான் அதன் வேலை. நன்றாகச் செதுக்கிய கல்லென்றால் காரை இல்லாமலே வளைவு நிற்கும். நமக்குக் கருங்கல்லுக்குப் பஞ்சமும் இல்லை. சேர்வராயன் மலையே சார்னோக்கைட் என்கிற கருங்கல் வகைப் பாறை.

தூணுக்கு முன்னாடி மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அழகுக்கா?

அழகு அப்புறம். தண்ணீரைக் கிழித்து இரண்டு பக்கமும் அனுப்பத்தான். மொட்டைத் தூணில் தண்ணீர் நேராக மோதிச் சுழலும், வருகிற மரமும் செத்தையும் அங்கேயே சிக்கும். ஊர் புதிது, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியவில்லையா? கூரான மூக்கு எதிர்கொள்கிற திசையிலிருந்துதான் தண்ணீர் வரும். இரண்டு பக்கமும் மூக்கு வைத்த பாலங்களும் உண்டு.

திருமணிமுத்தாறு சாக்கடையாட்டம் ஓடுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கண்ணு விட்டுக் கட்டணும்?

பாலத்தை வருஷத்தின் 364 நாளுக்காக யாரும் கட்டுவதில்லை. மீதி ஒரு நாளுக்காகத்தான் கட்டுவது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலைப் பக்கத்திலிருந்து இறங்கி, சுகவனேசுவரர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமாக டவுனுக்குள் புகுந்து, உத்தமசோழபுரம் வழியாகப் போய் நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 280 மீட்டர் சுற்றுவட்டாரம். இவ்வளவு குறைந்த தூரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் சரிவு. மலையில் கொட்டிய மழை ஆற அமர வராது, மொத்தமாக வந்து இறங்கும்.

அப்போது ஒரு கண்ணை பிளாஸ்டிக்கும் கட்டிட இடிசலும் அடைத்திருந்தால், அதில் போக வேண்டிய தண்ணீர் மற்ற கண்களில் நுழையும். அங்கே வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அரிக்கிற சக்தி நான்கு மடங்கு. தூண்களே எட்டில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்று முன்னால் பார்த்தோம். அதற்கு மேல் நாம் குப்பையைக் கொட்டி இன்னொரு பங்கை அடைக்கிறோம். பாலத்துக்குப் பக்கத்தில் குப்பை கொட்டுகிறவரிடம் எனக்கு இருக்கிற கோபம் நாற்றத்துக்காக மட்டும் இல்லை.

மாட்டு வண்டிக்குக் கட்டின பாலத்துல டிப்பர் லாரி போகுதே. தாங்குமா?

திருநெல்வேலிப் பாலத்தின் ஒரு கண்ணை எடுத்துக்கொள்வோம். 60 அடி என்றால் 18.3 மீட்டர், அகலம் 6.5 மீட்டர். கல்லும் உள்ளே நிரப்பிய மண்ணும் சேர்த்துச் சராசரி ஒன்றரை மீட்டர் கனம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். கிட்டத்தட்ட 180 கன மீட்டர், எடை 400 டன் சொச்சம். முழுப் பாரத்தோடு பத்துச் சக்கர டிப்பர் சுமார் 28 டன். அதாவது ராத்திரி பகலாகத் தன் மேலேயே 400 டன்னைச் சுமந்துகொண்டு நிற்கிற வளைவுக்கு லாரி வந்தால் 7 சதவீதம் கூடுகிறது. அந்தப் பெரிய எடைதான் அழுத்தக் கோட்டைக் கல்லுக்குள் பிடித்து வைக்கிறது. மேலே இருக்கிற மண் சக்கரத்தின் பாரத்தைப் பரப்பியும் விடுகிறது.

இதனால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று அர்த்தம் இல்லை. வளைவுக்குப் பிடிக்காத இடம் நடு அல்ல, கால்வாசி தூரம். அங்கே ஒற்றைப் பாரம் நின்றால்தான் அழுத்தக் கோடு அதிகம் நகரும். மண் கனம் குறைவான சின்னப் பாலங்களில் இதைச் சரிபார்க்காமல் கனரக வண்டியை விடக் கூடாது.

அப்ப பழைய பாலம் எதனாலதான் விழும்?

பெரும்பாலும் கீழே இருந்து. கொள்ளிடத்தில் திருச்சிக்குப் பக்கத்தில் 1928-ல் கட்டிய இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் 2016-ல் பழையதில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து அதில் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. மேலே ஒரு வண்டி இல்லை. லாரிப் பாரம்தான் பாலத்தைக் கொல்கிறது என்று வாதிடுகிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்.

தண்ணீர் தூணின் முகத்தில் மோதியதும் ஒரு பகுதி மேலிருந்து கீழாகத் திரும்பிப் படுகையைக் குடையும். குழி அஸ்திவாரத்துக்குக் கீழே போய்விட்டால் தூண் உட்காரும் அல்லது சாயும். மணல் அள்ளிப் படுகை தாழ்ந்துபோன ஆற்றில் இந்தக் குழி பாதி ஏற்கெனவே தோண்டி வைத்த மாதிரி. அதனால் சாலையில் நின்று பாலத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கீழே இறங்க வேண்டும்.

நான் இறங்கிப் பார்த்தேன் சார். வெள்ளம் வடிஞ்ச மறுநாள் தூண்கிட்ட மணல் அப்படியேதான் இருந்துச்சு. அரிப்பே இல்லையே?

அங்கேதான் ஏமாறுவோம். குழி ஆழமாவது வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது. வேகம் குறையக் குறைய, தண்ணீர் கொண்டு வந்த மணலையும் வண்டலையும் அதே குழியில் போட்டு மூடிவிடும். மறுநாள் பார்த்தால் படுகை சமமாக இருக்கும். கடப்பாரையைக் குத்திப் பாருங்கள், பழைய இறுகிய படுகைக்கும் புதிதாக விழுந்த பொலபொல மணலுக்கும் வித்தியாசம் கையிலேயே தெரியும். முறையாக அளப்பது வெள்ளத்தின்போதே, கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்குவது. இப்போது அதற்கு ஒலி அலைக் கருவிகள் இருக்கின்றன.

வடிவமைக்கும்போதே இதற்கு இடம் வைப்பார்கள். வெள்ள மட்டத்திலிருந்து சராசரி அரிப்பு 6 மீட்டர் என்று கணக்கு வந்தால், தூண் பக்கத்தில் அதை இரட்டித்து 12 என்று எடுப்பது வழக்கம். மணல் படுகையில் அதற்கும் கீழே, அந்த 12-ல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 மீட்டர், அஸ்திவாரம் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். ஆக அடி 16 மீட்டரில்.

வெள்ளைக்காரன் கட்டினது இன்னும் நிக்குது, நம்மாளு கட்டினது நாலு வருசத்துல உடையுது. ஏன்?

விழுந்த பழைய பாலங்கள் இன்றைக்குக் கண்ணில் படாது, அதனால் அப்படித் தோன்றுகிறது. சுலோசன முதலியார் பாலமே 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி போய், 1871-ல் சரிசெய்யப்பட்டதுதான். அதற்குப் பணம் போட்டவர் தமிழர், கல் செதுக்கியதும் மண் சுமந்ததும் நம் ஆட்கள். கொள்ளிடப் பாலமும் அந்தக் கால ஆட்சியில் கட்டியதுதானே.

ஒன்றை ஒத்துக்கொள்ளலாம். கல் வளைவில் துருப்பிடிக்க எதுவும் இல்லை. கான்கிரீட்டில் கம்பி இருக்கிறது. கம்பிக்கு மேலே மூடு போதாமல் விட்டால் தண்ணீர் நுழைந்து, துரு ஊதி, கான்கிரீட் பொரிந்து கொட்டும். அது வேலையின் தரம், யார் ஆண்டார்கள் என்பதில் இல்லை.

நம்ம கஞ்சமலை இரும்பு லண்டன் பாலத்துக்குப் போச்சாமே?

லண்டன் இல்லை, வேல்ஸ். ஹீத் என்பவர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார், அதற்குச் சேலம் வட்டார இரும்புக்கல் போனது. அந்த இரும்பு, மெனாய் நீரிணையில் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய பிரிட்டானியா பாலத்தில் பயன்பட்டதாகப் பழைய கெசட்டியர்களில் பதிவு இருக்கிறது.

சாதாரணப் பாலம் இல்லை அது. தேனிரும்புத் தகடுகளை ஆணியடித்துச் செய்த செவ்வகக் குழாய், ரயில் அதற்கு உள்ளேயே ஓடும். பெரிய கண்கள் இரண்டும் தலா 460 அடி. 1850-ல் திறந்தது, 1970-ல் தீப்பிடித்துக் குழாய்கள் வளைந்துபோய், இப்போது எஃகு வளைவுகளின் மேல் நிற்கிறது. பழைய குழாயில் ஒரு துண்டைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதில் எந்த ஆணி நம் ஊர் என்று கேட்காதீர்கள்.

அஞ்சு ரோடு மேம்பாலத்துல போனா தடக் தடக்னு வருது. பழைய பாலத்துல வர்றதில்லையே?

2020-ல் திறந்த நம் ஈரடுக்கு மேம்பாலம் தனித்தனித் துண்டுகளாகத் தூண்களில் உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் கான்கிரீட் நீளும். 30 மீட்டர் துண்டு, 30 டிகிரி சூடு கூடினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு. அதற்கு இடைவெளி விட்டாக வேண்டும், டயர் அதில் விழுகிற சத்தம்தான் அது. கல் வளைவு சூட்டில் நடுப்பகுதியை மயிரிழை அளவு உயர்த்திக்கொண்டு சமாளித்துவிடும், இடைவெளி வேண்டியதில்லை.

பழைய பாலத்துல சந்தெல்லாம் சிமெண்ட் வெச்சுப் பூசிட்டாப் பலமாயிடுமே?

பார்க்கப் பளிச்சென்று இருக்கும். உள்ளே கெடும். பாலத்தின் பக்கச் சுவர்களுக்கு நடுவே மண்ணும் கிராவலும் நிரம்பியிருக்கின்றன. சாலையில் இறங்குகிற மழைத் தண்ணீர் அதில் ஊறி, வடிதுளைகள் வழியாகவும் சுண்ணாம்புக் காரை வழியாகவும் வெளியேறும். சிமெண்ட் போட்டு அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், பக்கச் சுவர் வெளியே உப்பும். ஒப்பந்த வேலையில் வடிதுளைகளையே சேர்த்துப் பூசிவிட்டுப் போன பாலத்தை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு இறங்கியிருந்தது. பழைய காரைக்குச் சுண்ணாம்புதான் சரி.

இதோடு சேர்த்து அரசங்கன்று. பறவை எச்சத்தில் வந்து காரைச் சந்தில் முளைக்கும். மேலே வெட்டினால் வேர் உள்ளே தடிக்கும். கைக்கு வருகிற அளவில் இருக்கும்போதே வேரோடு எடுத்து, அந்தச் சந்தைச் சுண்ணாம்பால் அடைப்பது ஒன்றுதான் வழி. அப்புறம், தார் மேல் தார் போட்டுக்கொண்டே போவது. வளைவு அந்த எடையைப் பெரும்பாலும் தாங்கிவிடும், ஆனால் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்துக்குக் குறைந்துவிடும். பைக்காரன் இடித்தால் நேராக ஆறுதான்.

எங்க ஏரியா பாலத்துல விரிசல் இருக்கு. பயப்படலாமா, வேண்டாமா?

எந்தத் திசையில் என்று பாருங்கள். வளைவுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில், சாலையின் போக்கிலேயே ஓடுகிற விரிசல் என்றால், மேலே சொன்ன உப்பல்தான் காரணமாக இருக்கும். சரிசெய்ய வேண்டும், ஆனால் இன்றைக்கே ஓட வேண்டியதில்லை. வளைவின் அடியில் சாலைக்குக் குறுக்கே, ஆற்றின் போக்கில் ஓடும் விரிசல், தூணுக்கு மேலே சாய்வாக ஏறுகிற விரிசல், கீழே இறங்கியிருக்கிற வளைவுக்கல், இவை வேறு ரகம். தூண் அசைகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பழைய விரிசலா, வளர்கிற விரிசலா என்று தெரிய எளிய வழி இருக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பி, அதன்மேல் தேதி எழுதி விடுங்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். அது முழுசாக இருந்தால் விரிசல் தூங்குகிறது. பிளந்திருந்தால் தேதியோடு போட்டோ எடுத்து, பாலம் மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று விசாரித்து எழுத்தில் கொடுங்கள். மனுவில் 'பாலம் மோசம்' என்று எழுதினால் போதாது. எந்தத் தூண், எந்தக் கரையிலிருந்து எத்தனையாவது கண், விரிசல் எந்தத் திசை என்று எழுதுங்கள், வருகிற இன்ஜினியர் நேராக அந்த இடத்துக்கு இறங்குவார்.